தண்ணீர் மாத்திரையும் டவர் கிரேனும்

மார்ச் 4

தம்பிக்கு,

நீ போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. எடுத்தால் கத்துவேன். கத்தினால் பிரஷர் ஏறும். ஏறினால் அதையும் நீ யாருக்காவது போன் போட்டுச் சொல்லுவாய். அதனால்தான் கடிதம். பதில் எழுதுவதானால் எழுது, போனை மட்டும் தொடாதே.

நீ செய்த காரியத்தின் பலன் என்னவென்று தெரிந்துகொள். திங்கட்கிழமை காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிரேன் ஏணியில் கை வைத்திருந்தேன். சேஃப்டி ஆபீசர் ஓடி வந்தார். "அக்கா, ஏறாதீங்க. உங்க தம்பி போன் பண்ணினாரு. நேத்து அவர் வீட்ல மயங்கி விழுந்தீங்களாமே? பிரஷர் மாத்திரை சரியாப் போடுறதில்லையாமே?" கம்பி கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

எனக்கு மாத்திரை எழுதித் தருகிற கம்பெனி டாக்டர்தான் கையில் பட்டையைச் சுற்றினார், உதட்டைப் பிதுக்கினார். கேபின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பரிசோதனையில் பிரஷர் கட்டுக்குள் இருந்து, டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் நான் மறுபடி மேலே ஏறலாம். இல்லையென்றால் கடைசிவரை கீழேதான். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை எடுத்துக் கொடுக்கிறேன். என் கேபினில் வேறு சைட்டிலிருந்து வந்த புது ஆள் இருக்கிறான். கான்கிரீட் பக்கெட்டை ஊஞ்சல் மாதிரி ஆட்டி ஆட்டி இறக்குகிறான். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

முட்டையைத் தூக்கி முட்டை மேல் வைக்கச் சொன்னாலும் வைக்கிறவள் நான். என் சுமை ஒருநாளும் ஆடியதில்லை. தலை ஆடியது உன் வீட்டில், கிரேனில் இல்லை.

ஆபீசர் நம்பரை உனக்குக் கொடுத்தது யார் என்றும் தெரியும். உன் அத்தானோடும் பேச்சில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறார். காட்டட்டும்.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நினைத்து இதைப் பிரித்திருந்தால் அப்படியே மடித்து வைத்துவிடு. கேட்கப்போவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பார்க்காததை நான் பார்த்தேன். சாப்பிட்டு முடித்து நாற்காலியிலிருந்து எழுந்தாய். இரண்டு அடி வைப்பதற்குள் கண் செருகி, கை கழுவும் தொட்டியில் மோதி விழுந்தாய். நினைவு வந்ததும் "டம்ளர் உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டாய். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது, உனக்கு டம்ளர் கவலை. உன்னைப் படுக்க வைத்துவிட்டு உன் பையைத் திறந்தேன். இரண்டு மாத்திரை அட்டைகள் ஒழுங்காகக் காலியாகியிருந்தன. மூன்றாவதில் ஒரு வரிசை மட்டும் மொத்தமாகக் கிழிந்திருந்தது, மற்றதெல்லாம் அப்படியே. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று தினமும் இதே அட்டைகளைக் கொடுக்கிறவன் நான். வேலை நாளெல்லாம் விட்டுவிட்டு, லீவு நாளில் விட்டதையெல்லாம் சேர்த்து விழுங்குகிறாய் என்று பார்த்ததும் புரிந்துவிட்டது.

நீ எதை விழுங்குகிறாய் என்றாவது தெரிந்துகொள். வெள்ளை மாத்திரை அம்லோடிபின். ரத்தக்குழாயின் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் தசை இறுக வேண்டுமென்றால் உள்ளே கால்சியம் நுழைய வேண்டும். இந்த மாத்திரை அந்த வாசலைச் சாத்துகிறது. தசை தளர்ந்து குழாய் அகலமாகிறது, அழுத்தம் இறங்குகிறது. கணுக்கால் லேசாக வீங்குகிறது என்றாயே, அதுவும் இந்த மாத்திரையால் வருவதுதான்.

மஞ்சள் மாத்திரை பீட்டா பிளாக்கர். அவசரம், கோபம், பயம் எது வந்தாலும் அட்ரினலின் சுரந்து இதயத்தை ஓடு ஓடு என்று விரட்டும். இந்த மாத்திரை அந்தச் சத்தத்தை இதயத்தின் காதில் பாதிக்கு மேல் விழாமல் செய்கிறது. இதயம் நிதானமாக, கொஞ்சம் மெதுவாகத் துடிக்கிறது. உனக்குப் படபடப்பு இருந்ததால் டாக்டர் இதையும் சேர்த்தார்.

மூன்றாவது தண்ணீர் மாத்திரை. சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும்படி செய்கிறது. உப்பு போகும்போது தண்ணீரும் கூடவே போகிறது. குழாய்க்குள் ஓடுவது குறைந்தால் அழுத்தமும் குறையும். ஒரு வாரத்து மாத்திரையை ஒரே வேளையில் போட்டால் ஒரேயடியாக வற்றும். உட்கார்ந்திருக்கும்வரை தெரியாது, எழுந்து நின்றதும் மூளைக்கு ரத்தம் போதாது. நீ விழுந்தது அதனால்தான்.

அந்தரத்தில் கான்கிரீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நீ மயங்கியிருந்தால் கீழே நிற்கிறவர்கள் கதி? அதனால் போன் செய்தேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை. மற்ற இரண்டையும் மணி அடித்த மாதிரி போடுகிறவள், இதை மட்டும் ஏன் விடுகிறாய்?

தம்பி

மார்ச் 15

மாத்திரைக்காரா,

உன் பாடத்தை உன் அத்தானுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். சுவருக்கும் புரிந்திருக்கும், அவ்வளவு தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கும் புரிந்தது. பம்பும் பைப்பும் எனக்குப் புதிதில்லை.

ஆனால் உன் மஞ்சள் மாத்திரையைப் பற்றி நீ எழுதாதது ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு கிரேன் ஏணி ஏறிப் பார்த்திருக்கிறாயா? பாதியில் தொடை கனத்துவிடும். மூச்சு வாங்கும், நெஞ்சு மட்டும் அவசரமே இல்லாமல் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டியை மேட்டில் ஏற்றச் சொல்கிறாய். இருந்தும் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பிரேக் எதற்கு? நேற்றிலிருந்து அதை நிறுத்திவிட்டேன்.

தண்ணீர் மாத்திரை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. இதற்கு மேல் நோண்டாதே.

பரிசோதனைக்கு வழி வைத்திருக்கிறேன். அன்று காலை மூன்றையும், விட்டதற்கும் ஈடாகச் சேர்த்து, ஒரே மடக்கில் போட்டுவிட்டுப் போய் உட்காருவேன். பட்டை சுற்றும்போது நல்ல எண் காட்டும். கையெழுத்து விழும், சாவி கைக்கு வரும். நீயே அழகாக விளக்கியிருக்கிறாயே, எது எப்படி இறக்கும் என்று. ரொம்ப நன்றி.

அக்கா

மார்ச் 18, கூரியரில்

அக்கா,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். கிண்டலுக்கு நேரமில்லை. பல முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அத்தானிடமும் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சள் மாத்திரையை இப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது. ரொம்ப நாள் சத்தத்தை அடைத்துவைத்தால், இதயம் கேட்பதற்காகக் காதுகளை அதிகமாக்கிக்கொள்ளும். நீ மாத்திரையை நிறுத்தியதும் அத்தனை காதிலும் ஒரே நேரத்தில் அட்ரினலின் கத்தும். நெஞ்சு தாறுமாறாக அடிக்கும், பிரஷர் முன்பு இருந்ததைவிட மேலே போகும், மாரடைப்புகூட வரலாம். இதைக் குறைப்பதென்றாலும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார். இன்றைக்கே போய் டாக்டரைப் பார். விட்டதைச் சொல், எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று அவர் சொல்வார்.

பரிசோதனை நாளில் அள்ளிப் போடுவதை மறந்துவிடு. அம்லோடிபின் வேலையே நாள் கணக்கில் மெல்லப் படிவது. அன்று காலை விழுங்கினால் அது அன்றைக்கே எண்ணை இறக்காது; தண்ணீர் மாத்திரையை அள்ளிப் போட்டாலோ நாற்காலியிலிருந்து எழும்போதே விழுவாய், டாக்டர் எதிரிலேயே.

அம்மா "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லித்தான் மாத்திரையை நிறுத்தினாள். அப்புறம் வாய் கோணிப் படுத்தவளுக்கு நீயும் நானும்தான் ஸ்பூனால் தண்ணீர் ஊட்டினோம். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அக்கா. உன்னை இழக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதைவிட வெளிப்படையாக எனக்கு எழுதத் தெரியாது.

தண்ணீர் மாத்திரை விஷயத்தில் நீ எதையோ மறைக்கிறாய். சொல்.

தம்பி

மார்ச் 26

தம்பி,

டாக்டரைப் பார்த்துவிட்டேன். திட்டு வாங்கினேன். மஞ்சளை அவர் சொன்னபடி ஆரம்பித்துவிட்டேன். உன் அத்தான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார், நான் கிளம்பும்வரை நகரவில்லை. அவரோடு இப்போது பேச்சு உண்டு, உப்பு மட்டும் கிடையாது.

மறைக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். சரி, கேட்டுக்கொள். சிரித்தால் கொன்றுவிடுவேன்.

கேபினில் ஒரு இருக்கை, இரண்டு லீவர், ஒரு மின்விசிறி, ஒரு வாக்கி-டாக்கி. அவ்வளவுதான். இறங்கி ஏறுவதற்குள் ஒரு மாடிக்கு ஊற்ற வேண்டிய கான்கிரீட் உறைய ஆரம்பித்துவிடும். மற்ற சைட்டுகளில் ஆம்பளை ஆபரேட்டர்கள் பாட்டில் வைத்திருக்கிறார்கள். யாரும் அதைப் பேசுவதில்லை, எல்லாருக்கும் தெரியும். நான் என்ன வைத்துக்கொள்ள?

டாக்டர் தண்ணீர் மாத்திரையை எழுதித் தந்த முதல் வாரம், காலையில் போட்டுக்கொண்டு ஏறினேன். பக்கெட் நிறைய கான்கிரீட் தொங்குகிறது. எனக்கு அடக்க முடியாமல் உயிர் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கிவைத்தேன், ஒரு பொட்டு சிந்தவில்லை. அப்புறம் வாக்கி-டாக்கியில் கீழே வர வேண்டும் என்றேன். சூப்பர்வைசர் "ஏன், என்ன ஆச்சு?" என்று கேட்டார். சும்மாதான் என்றேன். அவர் விடாமல் கேட்டார். சைட் முழுக்கக் கேட்கும் அந்தக் கருவியில் நான் என்னவென்று சொல்லுவேன்? கடைசியில் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். ஒருத்தன், "அக்காவுக்குக் குழாய் வேணுமாம், போட்டு விடுங்கப்பா" என்றான். இறங்கி வந்தபோது எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். அது சிரித்ததைவிட மோசம்.

அன்றோடு வேலை நாளில் அந்த மாத்திரை கிடையாது. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரும் கிடையாது. உதடு காய்ந்தால் நாக்கால் நனைத்துக்கொள்வேன். லீவு நாளில் விட்டதைச் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை, இந்த முறையும் சொல்லவில்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது? உனக்கு ஜட்டி மாட்டிவிட்டவள் நான்.

வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. அந்தக் கிரேனை என் அளவுக்கு ஓட்டுகிறவர்கள் அங்கே யாரும் இல்லை. இந்த ஒரு காரியத்துக்காக நான் கீழே இறங்க வேண்டுமா?

அக்கா

மார்ச் 30

அக்காவுக்கு,

நான் சிரிக்கவில்லை.

கவுண்டரில் இந்த மாத்திரையை எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். "காலைல போடுங்க, ராத்திரி போட்டா தூக்கம் கெடும்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்வேன். காலையில் போட்டுவிட்டு எங்கே போகிறீர்கள் என்று ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. நேற்று கேட்டேன். ஒரு பஸ் கண்டக்டர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்பவாவது கேட்டீங்களே" என்றார். அவரும் வேலை நாளில் போடுவதில்லையாம்.

நீ செய்ததில் ஆபத்தானது எது என்று சொல்லிவிடுகிறேன். மாத்திரையை விட்டது ஒரு பக்கம், தண்ணீர் குடிக்காமல் இருந்தது இன்னொரு பக்கம். உடம்பு காய்ந்தால் மற்ற இரண்டு மாத்திரையுமே உன்னை மேலே வைத்துத் தள்ளாட வைக்கலாம்.

உன் வேலைக்கு அந்த மாத்திரை பொருந்தவில்லை, அவ்வளவுதான். பிரஷருக்கு அது ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? வேறு குடும்பமே இருக்கிறது. உடம்பு தானாகவே ஒரு பொருளைத் தயாரித்து, குழாயை இறுக்கு, உப்பைப் பிடித்துவை என்று உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும். லோசார்ட்டன் வகை மாத்திரை அந்த உத்தரவு போய்ச் சேர வேண்டிய இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்ளும். அதைப் போட்டுவிட்டு அடிக்கடி ஓட வேண்டியிருக்காது. ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, பொட்டாசியம் எவ்வளவு என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். உனக்கு அது சரியா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை. அவருக்கு உன் கேபினைப் பற்றித் தெரியாமல் எப்படிச் சொல்வார்? எனக்கு எழுதியதை அவரிடம் அப்படியே சொல்.

சங்கடமாக இருந்தால் நான் போன் செய்து சொல்லட்டுமா? இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

நீ வாயைத் திறக்காதே. நானே பேசிவிட்டேன்.

டாக்டரிடம் நேராகச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருந்தா முதல்லயே மாத்தியிருப்பேனேம்மா" என்றார். ரத்தம் எடுத்தார், சரியாக இருந்தது. தண்ணீர் மாத்திரையை நிறுத்திவிட்டு நீ சொன்ன லோசார்ட்டனையே எழுதினார். உனக்குத் தலைக்கனம் ஏறும் என்று தெரியும், ஏறட்டும். ஏணியில் கால் கனப்பதையும் சொன்னேன். மஞ்சளின் அளவை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம் என்றார்.

இப்போது பிரஷர் இறங்கி வருகிறது. ஆனால் கையெழுத்துப் போட மாட்டாராம். புது மாத்திரை முழுதாகப் படியச் சில வாரம் ஆகுமாம், அதுவரை ஸ்டோர்தான். போன மாதமாக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பேன். இப்போது சரி என்று எழுந்து வந்தேன். எழுந்தபோது தலை சுற்றவில்லை.

அப்புறம் சேஃப்டி ஆபீசர் அறைக்குப் போனேன். "மேல யார் உட்கார்ந்தாலும் சரி, நடுவுல இறங்கி ஏற நேரம் வேணும். கிரேன் அடியிலேயே கழிப்பறை வேணும். லாரி அதுக்கேத்த மாதிரி வரட்டும்" என்றேன். தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷம் யாருமே கேக்கலியேக்கா."

"நான் கேக்குறேன்ல?"

அடுத்த வாரமே கழிப்பறை வந்துவிட்டது. கதவில் தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர் செய்கிறது. சூப்பர்வைசரே வந்து எண்ணெய் போட்டார். வாக்கி-டாக்கியில் குழாய் போடச் சொன்னவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அக்கா

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

தலைக்கனம் ஏறிவிட்டது. பெண்டாட்டி இரண்டு நாளாக என்னை டாக்டர் ஐயா என்று கூப்பிடுகிறாள்.

தினம் ஒரே நேரத்தில் அளந்து பார். அளப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார், அந்தப் புது ஆள் பக்கெட்டை ஆட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு அளக்காதே. அதில் வரும் எண் உன் பிரஷர் இல்லை, அவன் பிரஷர்.

ஒரு வேளை விட்டுப்போனால் விட்டதுதான். அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட்டு ஈடுகட்டாதே. இதை மட்டும் நீ எத்தனை தடவை திட்டினாலும் திரும்ப எழுதுவேன்.

தம்பி

மே 3

தம்பிக்கு,

நேற்று காலை நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

புது ஆள் கையுறை வாங்க ஸ்டோருக்கு வந்தான். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். நிமிர்ந்தவன் அலமாரியைப் பிடித்துக்கொண்டான். ஒரு நொடிதான், சமாளித்துக்கொண்டு சிரித்தான். கையில் எடுத்த கையுறையை நான் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த தள்ளாட்டம் அது.

"நீ என்ன மாத்திரை போடுற?"

"ஒண்ணுமில்லக்கா, பிரஷருக்குத் தண்ணி மாத்திரைதான். இங்க வந்த புதுசுல போடல. இறங்க முடியாதுல்ல, பாட்டிலும் பத்தாது. இப்பத்தான் கீழ வசதி வந்துடுச்சே, அதான் விட்டதையும் சேர்த்து இன்னைக்குப் போட்டுட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

ஏறாதே என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. ஏணியை நோக்கி நடந்தான். நான் ஆபீசர் அறைக்கு ஓடினேன்.

ஆபீசர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க சீட்டுக்காகச் சொல்றீங்களா?" சுருக்கென்றது. வேறு யார் கேட்டிருந்தாலும் அறைந்திருப்பேன், ஆனால் அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். "டாக்டரைக் கூப்பிட்டு அவனை நிக்க வெச்சு பிரஷர் பாருங்க. நான் சொன்னது பொய்னா எனக்கு அந்தக் கேபினே வேண்டாம்" என்றேன். அவனை ஏணியில் பத்துப் படி ஏறுவதற்குள் இறக்கினார்கள். உட்கார வைத்துப் பார்த்தார்கள், பரவாயில்லை. நிற்க வைத்துப் பார்த்தார்கள், டாக்டர் உடனே அவனைப் படுக்கச் சொன்னார். படுத்தபடி அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தம்பி. மார்ச் மாதத்தில் நானும் உன்னை நினைத்து அப்படித்தான் பார்த்திருப்பேன்.

வாசலில் கான்கிரீட் லாரிகள் நிற்கின்றன. வேறு ஆபரேட்டர் இல்லை. ஆபீசர் சாவியை என் கையில் வைத்தார். "இன்னைக்கு மட்டும் ஏறுங்கக்கா. உங்க பிரஷர்தான் இறங்கிடுச்சே. டாக்டர்கிட்ட சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கலாம்."

சாவி கையில் இருந்தது. எத்தனை நாள் கனவு அது. மேலே போய் உட்கார்ந்தால் லீவர் தானாகக் கைக்கு வரும், பக்கெட் ஆடாமல் இறங்கும், சைட் முழுக்கப் பார்க்கும். என்னால் முடியும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

"கையெழுத்து முதல்ல, ஏறுறது அப்புறம்" என்று சாவியை மேசையில் வைத்தேன். லாரிகள் திரும்பிப் போயின. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாள் முழுக்க என் கிரேன் கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கையுறை எடுத்துக் கொடுத்தேன்.

கையெழுத்து அடுத்த வாரம் என்கிறார் டாக்டர். வரும்போது வரட்டும். அவனுக்கும் மாத்திரை மாற்றுகிறார்கள், வேலை போகாது என்று ஆபீசரிடம் வாக்கு வாங்கிவிட்டேன். அவன்தான் என்னிடம் இன்னும் பேசவில்லை.

ஆபீசர் அறைக்கு ஓடும்போதே, இனி அவன் என் முகத்தில் முழிக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு என்னைப் பற்றிப் போன் செய்தபோது உனக்கும் தெரிந்திருக்கும். நீ செய்தது சரி. இதை ஒரே ஒரு தடவைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்.

அக்கா